வயல் புகையைத் தொடர்ந்து செல்லும் செயற்கைக்கோள்கள்

அறுவடை முடிந்த வயலில் நிற்கும் அரிதாளுக்குத் தீ வைத்தால் ஒரு மணி நேரத்தில் நிலம் காலியாகிவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு தீக்குச்சிதான். ஆகவேதான் பல ஊர்களில் இது சுலபமான வழியாக எண்ணப்படுகிறது. ஆனால் அந்தப் புகை வரப்போடு நின்றுவிடுவதில்லை. பஞ்சாப் மாநிலத்தில் ஐப்பசி மாதத்தில் எழும் நெல் தாள் புகை, அரியானாவைக் கடந்து டெல்லிக்கும், அங்கிருந்து உத்தரப் பிரதேசம், பீகார் வரையிலும் செல்வதை விண்வெளியிலிருந்து தெளிவாகக் காண முடிகிறது. எந்த வட்டாரத்தில் தீ எரிகிறது, புகை எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்ற விவரங்களைச் செயற்கைக்கோள்கள் நாள்தோறும் தருகின்றன. அவை எப்படி இதைச் செய்கின்றன, அவற்றால் எதைக் காண முடியாது, இதனால் விவசாயிக்கு என்ன பயன் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் இந்தப் படங்களை வைத்தே அபராதமும் விதிக்கப்படுகிறது. காட்டுத்தீ எச்சரிக்கையும் அனுப்பப்படுகிறது.

இருவகைச் செயற்கைக்கோள்கள்

பூமியைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, ஒரே இடத்தின் மேல் நிலையாக நிற்பது போலத் தோன்றுபவை. இவை நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகின்றன. நமது நாட்டின் இன்சாட் வரிசை இவ்வகையைச் சேர்ந்தது. 2016-ஆம் ஆண்டில் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரி 17-ஆம் நாள் இன்சாட்-3டிஎஸ் ஆகியவை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. இவ்வகைச் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு முறை இந்தியா முழுவதையும் படம் எடுக்கும் திறனுடையது. வானிலை அறிக்கையில் காட்டப்படும் மேகப் படங்கள் இப்படிக் கிடைப்பவைதான்.

இரண்டாவது வகை, வடதுருவம், தென்துருவம் வழியாகச் சுற்றி வருபவை. இவை 700 முதல் 830 கிலோமீட்டர் உயரத்தில் தாழ்வாகப் பறப்பதால் சிறிய பொருள்களையும் காண்கின்றன. ஆனால் ஓர் ஊரின் மேல் ஒரு செயற்கைக்கோள் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை என்ற அளவிலேயே கடந்து செல்லும். அமெரிக்கா 1999-இல் அனுப்பிய டெர்ரா, 2002-இல் அனுப்பிய அக்வா, 2011-இல் அனுப்பிய சுவோமி ஆகியவை இவ்வகை. டெர்ரா முற்பகலிலும் மற்ற இரண்டும் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் கடக்கும்படி அனுப்பப்பட்டன.

முதல் வகை, ஊர் நடுவில் உயர்ந்த பரணில் நிற்கும் காவல்காரனைப் போன்றது. எப்போதும் பார்க்கும், ஆனால் தொலைவிலிருந்து பார்ப்பதால் நுணுக்கம் குறைவு. இரண்டாவது வகை, வரப்பு வழியே நடந்து வரும் காவல்காரனைப் போன்றது. அருகில் வந்து பார்க்கும். ஆனால் அது வரும் நேரத்தில் நடப்பதை மட்டுமே பார்க்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

தீயைக் கண்டுபிடிப்பது எப்படி?

கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் அது நிறம் மாறுவதில்லை. கையை அருகே கொண்டுசென்றால் சூடு மட்டும் தெரியும். மேலும் காய்ந்தால் சிவக்கும். இன்னும் காய்ந்தால் மஞ்சளாகி வெளுக்கும். சூடு ஏற ஏற, பொருள் வெளியிடும் கதிர்களின் அலைநீளம் குறைந்துகொண்டே வரும் என்பது இதன் தத்துவம்.

வெயிலில் காயும் சாதாரண நிலம் 11 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்புக் கதிர்களை அதிகமாக வெளியிடுகிறது. (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) எரியும் தாள் 4 மைக்ரான் அலைநீளத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும். செயற்கைக்கோள் இந்த இரண்டு அலைநீளங்களிலும் ஒரே நேரத்தில் அளவெடுக்கிறது. ஓர் இடத்தில் 11 மைக்ரான் அளவு வழக்கம்போல இருந்து, 4 மைக்ரான் அளவு மட்டும் சுற்றுப்புறத்தைவிடத் திடீரென உயர்ந்திருந்தால் அங்கே தீ எரிகிறது என்று கணிப்பொறி குறித்துக்கொள்கிறது. இரவிலும் இந்த முறை வேலை செய்யும். ஆனால் அடர்ந்த மேகம் மறைத்தால் தீ தெரியாது.

தீ, கட்டம் முழுவதும் பரவியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் என்னும் கருவி, சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பில் எரியும் தீயைச் சாதாரணமாகக் கண்டுவிடும். இது கால் ஏக்கர் அளவுதான். வானம் மிகத் தெளிவாக இருந்தால் அதைவிடச் சிறிய தீயும் அகப்படும்.

ஒரு புள்ளி என்பது எத்தனை ஏக்கர்?

தீ தெரிந்த இடம் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டப்படுகிறது. இந்தப் புள்ளியை ஒரு சர்வே எண்ணாக எண்ணிவிடக் கூடாது. செயற்கைக்கோள் நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு கட்டத்திற்குள் எங்கே தீ எரிந்தாலும் புள்ளி கட்டத்தின் நடுவில்தான் விழும். நேர் கீழே பார்க்கும்போது ஒவ்வொரு கருவியின் கட்ட அளவும் பின்வருமாறு:

இன்சாட் அகச்சிவப்புப் படம்: 4 கிலோமீட்டர் கட்டம், சுமார் 3,950 ஏக்கர்.
மோடிஸ்: 1 கிலோமீட்டர் கட்டம்; சுமார் 247 ஏக்கர்.
சுவோமி முதலியவற்றில் உள்ள விர்ஸ் கருவி: 375 மீட்டர் கட்டம்; சுமார் 35 ஏக்கர்.

மூன்றில் நுணுக்கமான விர்ஸ் கருவியின் ஒரு புள்ளிக்குள்ளேயே 35 ஏக்கர் அடங்குகிறது. சிறு விவசாயிகள் நிறைந்த ஊரில் இது இருபது, முப்பது பேருடைய நிலமாக இருக்கலாம். ஆகவே புள்ளியை மட்டும் வைத்து இன்னார் எரித்தார் என்று சொல்ல முடியாது. அதிகாரிகள் நேரில் சென்று, கரிந்த வயலைப் பார்த்து உறுதிசெய்வது இன்றியமையாதது.

டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் இது பெரிய விஷயமாகும். அங்கே 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, தாள் எரித்தால் 2 ஏக்கருக்குக் குறைவான நிலம் உள்ளவருக்கு 5,000 ரூபாயும், 2 முதல் 5 ஏக்கர் வரை உள்ளவருக்கு 10,000 ரூபாயும், அதற்கு மேல் உள்ளவருக்கு 30,000 ரூபாயும் வசூலிக்கப்படும். பக்கத்து வயல் தீக்குத் தாம் பொறுப்பல்ல என்று சொல்லவேண்டிய விவசாயி, தம் வயலில் தாள் எரியாமல் நிற்பதையோ வைக்கோல் கட்டப்பட்டிருப்பதையோ உடனே காட்டுவது நல்லது. நாள் கடந்து உழுதுவிட்டால் சான்று மறைந்துவிடும்.

புகையா, மூடுபனியா, புழுதியா?

தீயைக் காண்பதைவிடப் புகையைப் பிரித்தறிவது கடினமான வேலை. கார்த்திகை, மார்கழியில் வட இந்திய சமவெளியில் மூடுபனியும் புகையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் வெண்மையாகவே தோன்றும். இவற்றைப் பிரிக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, துகளின் பருமன். புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூடுபனித் துளிகள் அவற்றைவிடப் பன்மடங்கு பெரியவை. சிறிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். ஆகவே புகை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தெரியும். ஆனால் 2 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்கள் புகையைத் துளைத்துக்கொண்டு சென்றுவிடும். அந்த அலைநீளத்தில் எடுத்த படத்தில் புகை மறைந்து, கீழே உள்ள வயல், வாய்க்கால், சாலை எல்லாம் தெரியும். மூடுபனியும் மேகமும் அப்படி வழிவிடுவதில்லை.

இரண்டாவது, நிறம். புகையில் உள்ள கரித் துகள்கள் புறஊதாக் கதிர்களை உறிஞ்சிவிடும். வெண்மையான மேகம் அவற்றைத் திருப்பி அனுப்பும். ஐரோப்பியர்கள் 2017-இல் அனுப்பிய சென்டினல்-5பி செயற்கைக்கோள் இந்தப் புறஊதா அளவைக் கொண்டு புகைப்படலத்தைக் குறிக்கிறது. புழுதியும் புறஊதாவை உறிஞ்சும். ஆனால் தார் பாலைவனத்துப் புழுதி பெரும்பாலும் கோடையில் எழுவது. அதன் துகள்களும் பருமனானவை. மேலும் தாள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு கூடவே வரும். புழுதியில் அது இராது. அந்த வாயுவையும் சென்டினல்-5பி அளப்பதால் ஐயம் நீங்கும்.

மூன்றாவது, நேரம். மூடுபனி வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். பிற்பகலிலும் கலையாமல் நிற்பது பெரும்பாலும் புகைமூட்டமே.

புகையின் அடர்த்தியை விஞ்ஞானிகள் ஓர் எண்ணால் குறிக்கின்றனர். துப்புரவான காற்றில் இந்த எண் 0.1 அளவில் இருக்கும். எண் 1 என்றால், உச்சி வெயிலில் நேராக வரும் கதிரில் 100-க்கு 37 பங்கு மட்டுமே தடையின்றித் தரையை அடையும். மீதி சிதறியோ உறிஞ்சப்பட்டோ போய்விடும். வட இந்தியாவில் தாள் எரிக்கும் பருவத்தில் இந்த எண் 1-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு.

இதில் ஒரு குறைபாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பதால் தரை முதல் வானம் வரை உள்ள புகை அனைத்தையும் சேர்த்தே அளக்கிறது. புகை இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மிதந்து போகிறதா, மனிதர் மூச்சுவிடும் உயரத்தில் கிடக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. அதனால்தான் தரையில் வைக்கப்படும் காற்று அளவைக் கருவிகளும் தேவைப்படுகின்றன. நமது நாட்டு விதிப்படி 2.5 மைக்ரானுக்குச் சிறிய துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் நாள் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. டெல்லியில் நவம்பர் மாதத்தில் இது 300-ஐத் தாண்டும் நாட்கள் பல.

புகையின் பயணத்தைக் கணக்கிடுதல்

அரை மணிக்கு ஒரு படம் கிடைப்பதால் புகையின் வேகத்தைச் சாதாரணக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். காலை 10 மணிப் படத்தில் புகையின் முன்விளிம்பு ஓர் இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10.30 மணிப் படத்தில் அது தென்கிழக்கே 10 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று பொருள். லூதியானாவிலிருந்து டெல்லி சுமார் 300 கிலோமீட்டர். காற்று மாறாமல் வீசினால் 15 மணி நேரத்தில், அதாவது நள்ளிரவு கழிந்து ஒரு மணி அளவில் புகை டெல்லியை எட்டும். காற்று வேகம் பாதியாகக் குறைந்தால் 30 மணி நேரமாகும். வானிலைத் துறையினர் பல உயரங்களில் வீசும் காற்றின் திசை, வேகம் ஆகியவற்றைக் கணிப்பொறியில் கொடுத்து இதே கணக்கை நுணுக்கமாகச் செய்கின்றனர்.

வடக்கே இமயமலைச் சுவர், தெற்கே மேட்டு நிலம், இடையே தாழ்ந்த சமவெளி என்று அமைந்திருப்பதால் வட இந்தியா ஒரு நீண்ட தொட்டியைப் போன்றது. பருவமழை முடிந்தபின் வடமேற்குக் காற்று மெதுவாக வீசுகிறது. புகை தொட்டிக்குள்ளேயே தென்கிழக்காக ஊர்ந்து செல்கிறது, வெளியேற வழியில்லை. டெல்லிக் காற்றின் மாசில் தாள் புகையின் பங்கு சில நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. காற்று வேறு திசையில் வீசும் நாட்களில் மிகக் குறைவாகவே உள்ளது. வாகனம், தொழிற்சாலை, கட்டடப் புழுதி ஆகியவை ஆண்டு முழுவதும் உள்ளவை. எல்லாப் பழியையும் விவசாயியின் மேல் போடுவது சரியல்ல என்பதையும் இதே கணக்குகள்தான் காட்டுகின்றன.

காட்டுத்தீயின் புகை இன்னும் நெடுந்தூரம் போகக்கூடியது. 2023 ஜூன் மாதத்தில் கனடாக் காடுகள் எரிந்தபோது நியூயார்க் நகரின் வானம் செம்மஞ்சளாக மாறியது. அந்தப் புகை அட்லாண்டிக் கடலைக் கடந்து ஐரோப்பாவை அடைந்ததும் செயற்கைக்கோள் படங்களில் பதிவாயிற்று. பெருந்தீயின் வெப்பம் புகையைப் பல கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடுவதே இதற்குக் காரணம். வயல் தீக்கு அவ்வளவு வேகம் இல்லை. அதன் புகை தாழ்வாகவே தங்கி, அக்கம்பக்கத்தை அதிகமாகப் பாதிக்கிறது.

பஞ்சாப் விவசாயி ஏன் எரிக்கிறார்?

நிலத்தடி நீர் வற்றுவதைத் தடுக்க பஞ்சாப் அரசு 2009-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் நெல் நடவு கூடாது என்று விதிக்கப்பட்டது. கோடை வெயிலில் வீணாகும் நீர் இதனால் மிச்சமாயிற்று. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று. கோதுமையை நவம்பர் முதல் பாதியில் விதைத்தால்தான் மகசூல் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே கிடைப்பது இரண்டு, மூன்று வாரம்தான். கூட்டு அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு தாளை நிற்க விட்டுவிடுகிறது. அந்த மாநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் கிடைக்கிறது. இதை அப்புறப்படுத்த ஆளும் இல்லை, நாளும் இல்லை என்ற நிலையில்தான் தீ வைக்கின்றனர்.

இதற்கு மாற்று வழிகள் உண்டு. நிற்கும் தாளுக்கு இடையிலேயே கோதுமையை விதைக்கும் ‘ஹாப்பி சீடர்’ என்ற விதைப்புக் கருவி டிராக்டரில் பொருத்தப்படுகிறது. வயது குறைந்த நெல் ரகம் இன்னொரு வழி. பூசா 44 ரகத்திற்கு சுமார் 160 நாட்கள் தேவை. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.ஆர். 126 ரகம் சுமார் 123 நாட்களில் வந்துவிடும். இதனால் ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கிறது.

மாலையில் எரித்தால் தப்பலாமா?

புதுடெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை தாள் தீயைச் செயற்கைக்கோள் கொண்டு எண்ணி வருகிறது. பஞ்சாபில் பதிவான எண்ணிக்கை வருமாறு:

2021: 71,304
2022: 49,922
2023: 36,663
2024: 10,909

குறைவு மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இதை முழுவதும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணிக்கைக்குப் பயன்படும் தாழ்வுச் செயற்கைக்கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டிக் கடந்துவிடுகின்றன. அதற்குப் பின் மூட்டிய தீ கணக்கில் வராது. தென் கொரியாவின் நிலைநிற்கும் செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது. அந்தப் படங்களை ஆராய்ந்த நாசா விஞ்ஞானி ஹிரன் ஜேத்வா, தீ மூட்டும் நேரம் பிற்பகலுக்கும் மாலைக்கும் தள்ளிப்போயிருப்பதை 2024-இல் எடுத்துக்காட்டினார். எரிந்த பரப்பை ஏக்கர் கணக்கில் அளந்தபோதும், தீ எண்ணிக்கையில் கண்ட அளவுக்குச் செங்குத்தான குறைவு இல்லை.

எரிந்த பரப்பை அளப்பது எப்படி? ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் கட்டத்தில், ஐந்து நாளுக்கு ஒரு முறை படம் எடுக்கின்றன. ஓர் ஏக்கரில் இத்தகைய கட்டங்கள் 40 அடங்கும். தீ அணைந்து இரண்டு மூன்று நாள் ஆனாலும், மேகம் மறைக்காமல் இருந்தால், உழுவதற்கு முன் கரிந்த வயல் கறுப்புத் திட்டாகத் தெரிந்துவிடும். ஆகவே நேரம் பார்த்துத் தீ வைத்துத் தப்புவது நிலையான வழி அன்று.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பகலில் நிலம் சூடேறுவதால் காற்று மேலே எழுந்து, ஒரு கிலோமீட்டர் உயரம் வரை புகை கலந்து மெலிந்துவிடும். சூரியன் சாய்ந்ததும் நிலம் குளிர்கிறது; தரையை ஒட்டிய காற்று கனத்துப் படிகிறது. குளிர்கால இரவில் புகை கலப்பதற்குக் கிடைக்கும் உயரம் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். உதாரணமாக, பகலில் 1,000 மீட்டர் உயரத்தில் பரவவேண்டிய புகை இரவில் 200 மீட்டருக்குள் அடைபட்டால் அதன் அடர்த்தி ஐந்து மடங்காகும். செயற்கைக்கோளுக்கு மறைத்து மாலையில் மூட்டும் தீயின் புகை அன்றிரவு முழுவதும் மூட்டியவர் ஊரிலேயே தங்குகிறது. அதை முதலில் சுவாசிப்பவர்கள் அவருடைய குழந்தைகளும் வயதான பெற்றோரும்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து.

புகையோடு போகும் சத்து

“எரித்தால் சாம்பல் மிஞ்சுகிறது, அதுவும் உரம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல் சத்தும், 1.2 கிலோ கந்தகமும் உள்ளன. ஏக்கருக்கு இரண்டரை டன் வைக்கோல் என்று கொண்டால் ஏறத்தாழ 14 கிலோ தழைச்சத்து ஆகிறது. இது 30 கிலோ யூரியாவுக்குச் சமம். எரிக்கும்போது தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் வாயுவாகப் போய்விடும். கந்தகத்திலும் ஒரு பகுதி போய்விடும். சாம்பல் சத்தில் பெரும்பகுதி தங்கினாலும், காற்றில் பறந்தும் முதல் மழையில் கரைந்தும் ஒரு பங்கு வயலைவிட்டு வெளியேறும்.

மண்ணுக்கு உயிர் தருவது அங்ககப் பொருள். அதுதான் எரிந்து போகிறது. ஒரு டன் வைக்கோல் எரிந்தால் சுமார் 1,460 கிலோ கரியமில வாயுவும், 60 கிலோ கார்பன் மோனாக்சைடும், 3 கிலோ நுண்துகளும் காற்றில் கலக்கின்றன. மேல் மண்ணில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் தீயின் சூட்டில் அழிகின்றன.

புகை பயிரையும் விடுவதில்லை. புகையில் உள்ள வாயுக்கள் வெயிலோடு சேர்ந்து ஓசோனாக மாறும். தரை மட்டத்து ஓசோன் இலைத் துளைகள் வழியே நுழைந்து பயிரைப் பாதிக்கும். காற்று மாசும் வெப்பநிலை மாற்றமும் சேர்ந்து, 2010-ஆம் ஆண்டில் இந்தியாவின் கோதுமை மகசூலை அவை இல்லாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 36 சதவிகிதம் வரை குறைத்தன என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதில் பெரும்பங்கு கரித்துகள், ஓசோன் ஆகியவற்றுடையது என்பது அந்த ஆய்வின் முடிவு. இது எல்லா வகைப் புகையையும் சேர்த்த கணக்கு. ஆயினும் ஒருவர் வயலின் புகை இன்னொருவர் வயலின் மகசூலைக் குறைக்க முடியும் என்பது தெளிவாகிறது.

கரும்புச் சோகைக்கும் இது பொருந்தும்

தமிழ்நாட்டில் வைக்கோல் மாட்டுத் தீவனமாக மதிக்கப்படுவதால் அதை எரிப்பவர் குறைவு. ஆனால் கரும்பு வெட்டிய வயலில் சோகையைக் கொளுத்தும் வழக்கம் உள்ளது. விண்ணிலிருந்து பார்க்கும் கருவிக்கு நெல் தாள் தீயும் சோகைத் தீயும் ஒன்றே.

ஓர் ஏக்கர் கரும்பில் 4 முதல் 5 டன் சோகை கிடைக்கும். அதில் தழைச்சத்து 0.35 முதல் 0.42 சதவிகிதம். அதாவது ஏக்கருக்கு 14 முதல் 21 கிலோ. இதை எரிக்காமல் பயன்படுத்தக் கீழ்க்கண்ட முறைகளைக் கடைப்பிடிக்கலாம்.

1. கட்டைப் பயிர் விடும் வயலில் சோகையைத் திரட்டி, ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பலாம். சோகை தூளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் தூளாக்கிவிடுவது சிறந்தது. விரைவில் மட்கும்.

2. புது நடவில், நட்ட சில நாட்களுக்குள் பார்களின் மேல் சோகையை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கப்படும்; களை குறையும்; இளங்குருத்துப் புழுவின் தாக்குதலும் குறையும்.

3. சோகையில் கரிமப்பொருள் மிகுதி, தழைச்சத்து குறைவு. ஆகவே தானாக மட்க நாளாகும். சாணக் கரைசலும் சிறிதளவு யூரியாவும் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மட்குவது விரைவுபடும்.

4. பூச்சி, நோய் கடுமையாகத் தாக்கிய வயலின் சோகையை மூடாக்காகப் பயன்படுத்தக் கூடாது. அதைத் தனியே குவித்து நன்கு மட்க வைத்த பிறகே வயலில் இட வேண்டும்.

காட்டோர விவசாயிகளுக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மாசி முதல் சித்திரை வரை காட்டுத்தீ அபாயம் உள்ள காலம். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கண்டறிந்து எச்சரிக்கை அனுப்பி வருகிறது. வனத்துறையினர் மட்டுமல்லாது பொதுமக்களும் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டால், தங்கள் வட்டாரத்துத் தீ பற்றிய செய்தி கைபேசிக்கு இலவசமாக வரும். இளைஞர் ஒருவர் ஊருக்காகப் பதிவு செய்துகொள்வது நல்லது.

ஆனால் இந்தச் செய்தியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கும் செய்தி வரும் நேரத்துக்கும் இடையே சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் காய்ந்த புல்லில் தீ வெகுதூரம் ஓடிவிடும். ஆகவே கோடை தொடங்குமுன் காட்டை ஒட்டிய வேலி ஓரத்தில் சருகு, காய்ந்த புல் ஆகியவற்றை அகற்றித் தீத்தடுப்புப் பாதை எடுத்துவைக்க வேண்டும். காற்று வீசும் நாளில் வரப்புச் சருகுக்குத் தீ வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். புகை கண்டால் உடனே வனத்துறைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

வரைபடத்தில் தெரியும் சிவப்புப் புள்ளி ஒரு வட்டாரத்தைக் காட்டுகிறதே தவிர, ஒருவர் வயலைக் காட்டுவதில்லை. புள்ளி இல்லாத இடத்தில் தீ இல்லை என்றும் பொருளல்ல. மேகம் மறைத்திருக்கலாம், நேரம் தப்பியிருக்கலாம். ஆனால் கரிந்த வயலின் தடம் சில நாட்கள் வரை அழிவதில்லை.

செயற்கைக்கோள் விவசாயிக்கு எதிரி அன்று. மழை வருமுன் சொல்வதும் அதுதான். புயல் திரும்பும் திசையைக் காட்டுவதும் அதுதான். காட்டுத்தீ வருவதைச் சொல்வதும் அதுதான். தாள் எரிப்பதை அது பார்க்கிறதா, இல்லையா என்பது முதல் கேள்வி அல்ல. ஏக்கருக்கு 30 கிலோ யூரியாவுக்குச் சமமான தழைச்சத்தைப் புகையாக்கி, அதே பருவத்தில் கடைக்குச் சென்று யூரியா வாங்குவது கட்டுப்படியாகுமா என்பதே முதல் கேள்வி. தாளும் சோகையும் மண்ணுக்குச் சேரவேண்டியவை. அவற்றை மண்ணுக்கே கொடுத்தால் நிலமும் வளம் பெறும். ஊர்க் காற்றும் துப்புரவாக இருக்கும்.